பழைய காரும் மின்சார நோயும்

இயந்திரங்களுக்கு வரும் நோய்கள் இருவகைப்படும். கண்ணுக்குத் தோன்றுவன ஒருவகை; தோன்றாதன மற்றொரு வகை. ரயரிற் காற்று இறங்கினாற் கண் காணும். எண்ணெய் ஒழுகினால் நிலத்திற் படிந்த கறையே காட்டிக்கொடுக்கும். மின்சாரம் செல்லும் வழியில் ஏற்படும் கோளாறோ அத்தகையதன்று. வயர் நேற்றுக் கிடந்தபடியே இன்றும் கிடக்கும். விளக்கு மாத்திரம் எரியாது. ஆதலினாலேயே, எஞ்சினை முற்றாகக் கழற்றிப் பூட்டும் துணிவுடையோரும் 'மின்சாரக் கோளாறு' என்ற சொல்லைக் கேட்டவுடன் கையைப் பிசைந்துகொண்டு நிற்கின்றனர்.

இவ்வச்சம் வேண்டாத அச்சம் என்பதே நமது கருத்து. காரின் மின்சாரம் எந்த விதிக்கு அடங்கி ஓடுகின்றதோ, அவ்விதி விஞ்ஞானம் பயிலும் நம் பிள்ளைகள் யாவரும் அறிந்ததொன்று. ஜேர்மனி நாட்டு அறிஞர் ஓம் என்பவர் 1827ஆம் ஆண்டில் நூல்வழி வெளியிட்ட விதியே அது. பரீட்சைத் தாளில் அதனைப் பிழையற எழுதுகின்ற நாம், காரின் பொனற்றைத் திறந்தவுடன் மறந்துவிடுகின்றோம். மறவாது நோக்கின் எவ்வளவு பணமும் மனக்கவலையும் மிச்சமாகும் என்பதை, ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் காரை உதாரணமாகக் கொண்டு ஈண்டு ஆராய்வோம்.

ஆபிங்டனிற் பிறந்த கார்

இங்கிலாந்திலே ஒக்ஸ்போர்ட் நகரில் 'மொறிஸ் கராஜ்' என்ற நிலையத்தை நடத்திய செசில் கிம்பர் என்பவரின் முயற்சியாற் பிறந்தவை எம்.ஜி. கார்கள். மொறிஸ் கராஜ் என்ற பெயரின் முதலெழுத்துக்களே எம்.ஜி. ஆயின. 1929ஆம் ஆண்டு முதல் ஆபிங்டன் என்னும் சிறு பட்டினத்தில் அவற்றுக்கென ஒரு தொழிற்சாலை இயங்கிற்று. அங்கே 1962ஆம் ஆண்டு தொடக்கம் 1980ஆம் ஆண்டு வரை செய்யப்பட்டதே எம்.ஜி.பி. என்னும் கார். இருவர் அமரும் ஆசனம், மடித்துத் திறக்கும் கூரை, 1798 கன சென்ரிமீற்றர் எஞ்சின், மணிக்கு 100 மைல் வேகத்தைத் தொடும் ஆற்றல் என்பன அதன் சிறப்புக்கள். கூரை மூடிய வகையையுஞ் சேர்த்து, ஐந்து இலட்சத்துக்கு மேற்பட்ட கார்கள் அப்பெயரில் வெளிவந்தன.

அதன் மின்சார உறுப்புக்களிற் பெரும்பாலானவற்றைச் செய்தளித்தது பேர்மிங்ஹாம் நகரத்து லூக்காஸ் கம்பெனியாகும். நம் நாட்டு வீதிகளில் இன்றும் காணக்கூடிய மொறிஸ் மைனர் காருக்கும் அதே கம்பெனியே மின்சார உறுப்புக்களை வழங்கிற்று. ஆகவே இக்கட்டுரையிற் கூறுவனவற்றுட் பெரும்பாலானவை, வீட்டுக் கொட்டகையிலே பாட்டனார் விட்டுச்சென்ற மொறிஸ் மைனர் வைத்திருப்போருக்கும் பொருந்தும்.

ஜோசப் லூக்காஸ் (1834–1902) விளக்கு வியாபாரத்தில் முன்னேறியவர். 'வீதியின் அரசன்' என்ற பெயரோடு அவர் விற்ற சைக்கிள் விளக்குப் பெரும் புகழ் பெற்றது. ஆனால், பழைய கார்ப் பிரியர்களோ அவருடைய கம்பெனிக்கு 'இருளின் இளவரசர்' என்று வேறொரு பட்டம் சூட்டிவிட்டனர். ஓடிக்கொண்டிருக்கும்போதே விளக்கு அணைந்துவிடும் என்ற பரிகாசமே அது. பரிகாசம் சுவையானதுதான்; எனினும் நியாயமானதென்று கூற நாம் துணியோம். எம்.ஜி.பி. கார்களுள் மிக இளையதும் நாற்பது வயதைக் கடந்துவிட்டது. மழையிலும் பனியிலும் வெப்பத்திலும் கிடந்த பித்தளை முனைகளிற் களிம்பு ஏறுவது இயற்கை. இரும்புத் தகட்டிற் கறள் பிடிப்பதும் இயற்கை. நாற்பது ஆண்டுகளாகத் துடைக்கப்படாத இணைப்பின் குற்றத்தை அதனைச் செய்தவன் தலையிற் சுமத்துதல் முறையாகுமா?

போனது மீள வேண்டும்

காரின் மின்சாரத்தைப் பற்றி ஒருவர் அறிய வேண்டிய உண்மைகளுள் முதன்மையானது இது: பற்றரியின் ஒரு முனையிலிருந்து புறப்பட்ட மின்னோட்டம் அதன் மறுமுனைக்குத் திரும்பி வந்தே ஆக வேண்டும். வீட்டு விளக்குக்கு இரண்டு வயர்கள் செல்வதைப் பார்க்கின்றோம். காரின் விளக்குக்கோ பெரும்பாலும் போகும் வயர் ஒன்றே நம் கண்ணிற்படும். மீளும் வழி எது? காரின் இரும்புடலே மீளும் வழி. பற்றரியின் ஒரு முனை உடலோடு பூட்டப்பட்டிருக்கும். விளக்கின் ஒரு பக்கமும் அவ்வுடலோடு இணைந்திருக்கும். இதனைத்தான் மெக்கானிக்குகள் 'எர்த்' என்கின்றனர்.

போகும் வழியை எல்லோரும் ஆராய்கின்றனர்; மீளும் வழியை நினைப்பார் சிலரே. பழைய கார்களின் விசித்திரமான கோளாறுகளுட் பல அங்கேதான் ஒளிந்திருக்கின்றன.

ஓர் உதாரணம் கூறுவோம். விளக்குச் சுவிச்சைப் போடாத பகல் வேளை. ஒருவர் பிரேக்கை மிதிக்கின்றார். உடனே முன்தட்டிலுள்ள சிறு விளக்குகள் மங்கலாக ஒளிர்கின்றன! பேய் பிடித்த கார் என்றே எண்ணத் தோன்றும். ஆனால் நிகழ்வது யாது? பின்புற மின்குமிழ் ஒன்றினுள்ளே, பிரேக்குக்கு ஒன்றும் இரவு விளக்குக்கு ஒன்றுமாக இரண்டு இழைகள் உள. இரண்டுக்கும் மீளும் வழி அக்குமிழின் உலோக அடியே. அந்த அடிக்கும் காரின் உடலுக்கும் இடையிற் கறள் படிந்துவிட்டால், பிரேக் இழைக்கு வந்த மின்னோட்டம் வெளியேற வழியின்றித் தவிக்கின்றது. தவித்து, இரவு விளக்கின் இழைக்குள்ளே புகுந்து, அதன் வயர் வழியே பின்னோக்கி ஓடி, அவ்வயரோடு தொடுக்கப்பட்டுள்ள முன்தட்டு விளக்குகளை அடைந்து, அவற்றின் எர்த் வழியாக வீடு திரும்புகின்றது. பேயுமில்லை, பிசாசுமில்லை. ஒரு துண்டு அரத்தாளால் அக்குமிழ் பொருந்தும் இடத்தைத் தேய்த்துச் சுத்தஞ் செய்தால் நோய் தீரும்.

இதனினும் அபாயமான உதாரணமும் உண்டு. எஞ்சின் றப்பர்த் தாங்கிகளின் மேல் அமர்ந்திருப்பதால் உடலோடு நேரே மின்தொடர்பு கொள்வதில்லை. செம்பு இழைகளாற் பின்னிய ஒரு பட்டையே இரண்டையும் இணைக்கின்றது. அப்பட்டை அறுந்துவிட்டாலோ, பழுது பார்த்தவர் பூட்ட மறந்துவிட்டாலோ, ஸ்ராட்டருக்குச் சென்ற பெரும் மின்னோட்டம் வேறு வழி தேடும். எஞ்சினையும் உடலையும் தொடுக்கும் மெல்லிய உலோகக் கயிறு, அக்ஸிலறேற்றருக்கோ சோக்குக்கோ செல்லும் கேபிள், அதற்கு அகப்படும். ஸ்ராட்டரைச் சுழற்றும்போது சோக்குக் கேபிள் கையைச் சுடுமாயின், அல்லது புகையுமாயின், செம்புப் பட்டையை உடனே பார்க்க வேண்டும்.

சிறு தடையின் பெருங் கேடு

இணைப்பிற் சிறிது களிம்பு இருந்தால் என்ன மோசம் என்று சிலர் வினவுவர். மாணவர்கள் எங்களோடு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம்.

முன் விளக்குகள் ஒவ்வொன்றும் 60 வாற்று எனக் கொள்வோம். இரண்டும் 120 வாற்று. பற்றரி 12 வோல்ற்று; ஆகவே மின்னோட்டம் 10 அம்பியர். வழியிலே ஓரிடத்தில் 0.2 ஓம் தடை ஏற்பட்டுவிட்டதென்க. பத்தை 0.2ஆற் பெருக்கினால் 2 வோல்ற்று. விளக்கை ஏறக்குறைய 10 வோல்ற்றே அடைகின்றது. அழுத்தம் ஆறில் ஒரு பங்கு குறைந்தால் ஒளியும் ஆறில் ஒரு பங்குதான் குறையும் என்று எண்ணற்க. சூடேறி ஒளிரும் இழையின் ஒளி, அழுத்தம் குறையுமிடத்து அதனினும் மிக விரைவாகக் குறைவது. இங்கே சுமார் பாதி ஒளி போய்விடும். அம்மட்டோ? இழந்த 2 வோல்ற்றும் 10 அம்பியரும் சேர்ந்து 20 வாற்று வெப்பமாக அவ்விணைப்பிலேயே தங்குகின்றது. வெப்பம் களிம்பை வளர்க்கும்; களிம்பு தடையை வளர்க்கும்; தடை மேலும் வெப்பத்தை வளர்க்கும்.

ஸ்ராட்டரின் கதை இன்னும் கடுமையானது. அது 200 அம்பியர் அளவில் இழுக்குமாயின், ஓர் ஓமின் நூறிலொரு பங்கான தடையே 2 வோல்ற்றை விழுங்கிவிடும்.

இனி, ஒருவருடைய காரிலே ஸ்ராட்டர் சோம்பிச் சுழல்கின்றது என்று வைத்துக்கொள்வோம். "பற்றரி கிழமாயிற்று" என்று ஒருவர் சொல்ல, புதியது வாங்குகின்றார். புதுப் பற்றரியின் வலிமையாற் சில நாள் கார் ஓடுகின்றது. பின்னர் பழைய குருடி கதவைத் திறடி என்றாகின்றது. ஸ்ராட்டரைக் கழற்றிப் புதிய பிரஷ் போடுகின்றார். அதன்பின் டைனமோவை மாற்றுகின்றார். ஈற்றில், "இந்தக் காருக்கு வைத்தியமில்லை" என்று பழைய இரும்புக்காரனுக்கு விற்றுவிடுகின்றார். களிம்பேறிய செம்புப் பட்டையும் காரோடு சேர்ந்தே போகின்றது! பழைய கார்கள் பல இவ்வாறே அழிந்தன. சோதியாது மாற்றுதல் வைத்தியமன்று, சூதாட்டம். நோயையும் அதன் காரணத்தையும் கண்டறிந்த பின்னரே மருத்துவத்துக்குக் கைவைக்க வேண்டும் என்று வள்ளுவர் வகுத்த நெறி மனித உடலுக்கு மாத்திரம் உரியதன்று.

நிறங்களின் மொழி

காரின் வயர்க் கட்டைப் பார்த்து மயங்குவோர், அந்நிறங்கள் வெறும் அலங்காரமல்ல என்பதை உணரல் வேண்டும். லூக்காஸ் முறைப்படி, கபில நிற வயர் பற்றரியிலிருந்து பியூஸ் இன்றி நேரே வருவது. ஊதா நிறம் பியூஸ் வழியாக எந்நேரமும் மின்சாரம் பெறுவது. வெள்ளை, சாவியைத் திருப்பியபின் உயிர் பெறுவது. பச்சை, சாவிக்கும் பியூஸுக்கும் பின்னால் வருவது. சிவப்பு இரவுச் சிறு விளக்குகளுக்கும், நீலம் முன் விளக்குகளுக்கும் உரியன. கறுப்பு, எர்த்துக்குச் செல்வது.

இதனை அறிந்தவர் காரைத் தொடாமலே பாதி ஆராய்ச்சியை முடித்துவிடலாம். பிரேக் விளக்கு, சிக்னல் விளக்கு, மழை துடைப்பான் ஆகிய மூன்றும் ஒரே வேளையிற் செயலிழந்தனவா? மூன்றும் பச்சை வயரின் பிள்ளைகள். மூன்றும் தனித்தனியே ஒரே நாளிற் பழுதடைதல் அரிது. பச்சை வயருக்குரிய பியூஸையே முதலிற் பார்க்க வேண்டும். ஒன்று மாத்திரம் செயலிழந்ததா? பியூஸைக் குறை கூறாமல் அக்கிளையைத் தேட வேண்டும். கிளைகள் யாவும் வாடினால் வேரைப் பார். ஒரு கிளை வாடினால் அக்கிளையைப் பார் என்பது தோட்டக்காரனும் அறிந்த முறையன்றோ?

ஆராயும் ஒழுங்கு

ஆராய்ச்சிக்குப் பெருஞ் செலவில்லை. ஒரு சிறு மின்குமிழும் அதிற் பூட்டிய இரண்டு வயர்களும் சோதனை விளக்காகப் பயன்படும். மல்ரிமீற்றர் ஒன்று இருப்பின் மிக நன்று.

முதலிற் பற்றரி. எம்.ஜி.பி. கார்களில் 1974ஆம் ஆண்டு வரை, 6 வோல்ற்றுப் பற்றரிகள் இரண்டு ஆசனங்களின் பின்னே, விரிப்பின் கீழ் வைக்கப்பட்டிருந்தன. கண்ணிற்படாமையால் அவை மறக்கப்படுவதுண்டு. ஒவ்வொன்றையும் தனித்தனியே அளத்தல் வேண்டும். ஒன்று சோர்ந்தாலும் இரண்டும் சேர்ந்தே தோற்கும். நன்கு மின்னேறி ஓய்ந்திருக்கும்போது இரண்டும் சேர்ந்து சுமார் 12.6 வோல்ற்று இருத்தல் நலம். எஞ்சின் வேகமாக ஓடுகையில் அது 14 வோல்ற்றை அண்டி உயர வேண்டும். உயராவிடில் டைனமோவின் பட்டியையும் அதன் இணைப்புக்களையும் பார்க்கலாம்.

அடுத்தது இணைப்புக்கள். பற்றரி முனைகள், எஞ்சின் பட்டை, விளக்குகளின் எர்த், பியூஸைப் பிடிக்கும் கவ்விகள் ஆகியவற்றைக் கழற்றித் துடைத்து இறுக்கல் வேண்டும். வயர்கள் சந்திக்கும் இடத்தில் றப்பர் உறைக்குள் குண்டு போன்ற பித்தளை முனைகள் செருகப்பட்டிருக்கும். அவற்றையும் இழுத்துப் பார்த்துத் துலக்கல் வேண்டும்.

அதன்பின் அளவு. இங்கே ஒரு நுட்பம் உண்டு. சுவிச்சை அணைத்துவிட்டு மீற்றரால் ஓம் அளந்து, "வழி நன்றாயிருக்கின்றது" என்று முடிவுசெய்பவர் ஏமாறுவார். பத்து இழைகளில் ஒன்பது அறுந்து ஒன்றே எஞ்சியிருப்பினும் மீற்றரின் சிறு மின்னோட்டத்துக்கு அது போதும். விளக்கின் 10 அம்பியருக்குப் போதாது. ஆதலால் விளக்கை எரியவிட்டே சோதித்தல் வேண்டும். மீற்றரின் ஒரு முனையைப் பற்றரியின் எர்த் முனையிலும், மற்றதை எரியும் விளக்கின் உலோக அடியிலும் வைத்துப் பார்த்தால், அளவு பூச்சியத்தை அண்டியிருக்க வேண்டும். அரை வோல்ற்றோ ஒரு வோல்ற்றோ காட்டுமாயின் மீளும் வழியிலே கள்வன் இருக்கின்றான். போகும் வழியையும் இவ்வாறே பற்றரியிலிருந்து விளக்குவரை அளக்கலாம். நீண்ட வழியாயின் நடுவிற் சோதிக்க வேண்டும். நடுவரை குறையில்லையெனின் குற்றம் அப்பாலுள்ளது. மீண்டும் எஞ்சியதன் நடுவிற் சோதிக்க, நாலைந்து சோதனைகளில் இடம் அகப்படும்.

பெற்றோல் பம்பியை ஆராய்வதும் இம்முறையே. எம்.ஜி.பி. காரிற் பின்சக்கரத்தின் அருகே மின்சாரப் பம்பி உண்டு. சாவியைத் திருப்பியதும் அது 'டிக் டிக்' என ஒலித்து, காபரேற்றர்கள் நிரம்பியதும் ஓயும். ஓயாது விரைந்து ஒலிப்பின் தாங்கியிற் பெற்றோல் இல்லை, அல்லது குழாயிற் காற்றுப் புகுகின்றது. ஒலியே இல்லையெனின் சிலர் இறங்கிச் சென்று சப்பாத்தின் குதியால் ஒரு தட்டுத் தட்டுவர், கார் ஓடும். தேய்ந்த தொடுமுனைகள் தட்டுதலால் ஒன்றுபடுவதே அதன் இரகசியம். அது வீடு சேர உதவும் உபாயமேயன்றி மருந்தன்று. பம்பி ஓய்ந்திருக்கும்போதே அதன் முனையில் 12 வோல்ற்று உண்டா, அதன் எர்த் சரியா என்று பார்க்க வேண்டும். இரண்டும் சரியாயின் குற்றம் பம்பியிலே, இன்றேல் வழியிலே.

ஒருவேளையில் ஒரு மாற்றமே செய்க. செய்ததைக் கொப்பியிற் குறித்து வைக்க. மூன்றை ஒருங்கே மாற்றினால், எதனால் நோய் தீர்ந்தது என்பதை ஒருபோதும் அறிய இயலாது.

தீ என்னும் எதிரி

விளக்கு எரியாவிடில் பயணம் தடைப்படும். வயர் எரிந்தால் காரே சாம்பலாகும். கபில வயருக்குப் பியூஸ் இல்லை என்று கூறினோம். அதன் மேலுறை தேய்ந்து உடலிற் பட்டால், பற்றரியின் முழு வலிமையும் அவ்விடத்திற் பாயும். ஆகவே பற்றரியின் அருகே கையாற் சட்டெனத் துண்டிக்கக்கூடிய பெரிய சுவிச் ஒன்றைப் பூட்டுதல் அறிவுடைமை. காரினுள்ளே தீயணைப்பான் ஒன்றும் இருக்கட்டும்.

பியூஸ் எரிந்தவிடத்துச் சிகரெட் பெட்டியின் ஈயத்தாளைச் சுற்றிச் செருகுவோர், காவற்காரனைக் கொன்றுவிட்டு நிம்மதியாக உறங்குபவரை ஒப்பர். பழைய லூக்காஸ் பியூஸில் 35 அம்பியர் என்று எழுதியிருப்பது, அது உருகும் அளவு. தொடர்ந்து தாங்கும் அளவு 17 அம்பியரே. இதனை அறியாது, 35 அம்பியரைத் தொடர்ந்து தாங்கும் வேறு வகைப் பியூஸைப் போட்டால் வயரே பியூஸாகிவிடும்.

வேலை தொடங்குமுன் மோதிரத்தையும் கைக்கடிகாரத்தையும் கழற்றிவிடுக. பற்றரியின் எர்த் முனையை முதலிற் கழற்றி, இறுதியிற் பூட்டுக. அது எந்த முனை என்பதையும் பார்த்துக்கொள்க. 1967ஆம் ஆண்டின் பிற்பகுதி வரை செய்யப்பட்ட எம்.ஜி.பி. கார்களில் நேர்முனையே உடலோடு பூட்டப்பட்டது. அதன்பின் வந்தவற்றில் எதிர்முனை. இதனை ஆராயாது புதுக்காலத்து றேடியோவைப் பூட்டியவர்கள் பலர் புகையைக் கண்டனர். மின்னேறும் பற்றரியிலிருந்து ஐதரசன் வாயு வெளிவருவதால் நெருப்புக்குச்சியோ சிகரெட்டோ அருகில் வருதல் கூடாது.

இத்தகைய கார்கள் இனிப் பிறக்கப்போவதில்லை. உள்ளவற்றைக் காப்பதற்குச் செல்வம் மாத்திரம் போதாது; பொறுமையும் ஒழுங்கான சிந்தனையும் வேண்டும். வீட்டிலே பழைய கார் ஒன்று இருக்குமாயின், அடுத்த ஞாயிற்றுக்கிழமை பெற்றோர் தம் பிள்ளைகளையும் அழைத்து, சோதனை விளக்கை அவர்கள் கையிற் கொடுத்து, மின்னோட்டம் எங்கே புறப்பட்டு எங்கே மீள்கின்றது என்று கேட்டுப் பார்க்கட்டும். கொப்பியிற் கிடந்த ஓமின் விதி அன்று அவர்கள் கண்முன்னே ஒளி வீசும். காரும் ஓடும்.